‘நல்லா இருக்கு’ என்பதற்கு அப்பால்: மாணவர் காணொளியும் பார்வையாளர் கருத்தும்

மாணவர்கள் பாடல் எழுதி, பாடி, கைப்பேசியில் காணொளியாக எடுப்பது இன்று பல பள்ளிகளில் நடக்கிறது. ஆண்டு விழாவில் திரையிடுகிறோம். கைதட்டல் கிடைக்கிறது. அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். ஆனால், எழுதியவர் நினைத்த பொருளும் பார்த்தவர் கொண்ட பொருளும் ஒன்றுதானா என்று சோதிக்க, திரையிடலுக்குப் பிந்தைய அரைமணி நேரம் நமக்குக் கிடைக்கும் அரிய வாய்ப்பு. அதைப் பயன்படுத்திய விதத்தை இங்கே பகிர்கிறேன்.

காணொளி உருவான விதம்

எங்கள் நோணாங்குப்பத்தை ஒட்டி ஓடுகிறது சுண்ணாம்பாறு. படகுக் குழாமுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளும், ஆற்றையும் கடலையும் நம்பி வாழும் மீனவக் குடும்பங்களும் அன்றாடம் புழங்கும் ஆறு அது. எட்டாம் வகுப்பு மாணவர்கள் ஆற்றில் சேரும் குப்பையைப் பற்றிக் கும்மி மெட்டில் ஒரு பாட்டுக் கட்டினர். அதற்கு முன் ‘சென்னை பொறம்போக்கு பாடல்’ காணொளியைப் பார்த்தோம். கபேர் வாசுகி எழுதி டி.எம். கிருஷ்ணா பாடிய அந்தப் பாடல் 2017 ஜனவரியில் வெளிவந்தது. எண்ணூர்ப் பகுதியிலேயே படமாக்கப்பட்டது. பாடப்படும் இடமே திரையில் பேசுகிறது என்பதை மாணவர்கள் எளிதில் பிடித்துக்கொண்டனர். நம் ஆற்றங்கரையிலேயே படம் எடுப்போம் என்று முடிவானது.

மூன்று கேள்விகள்

மூன்று நிமிடக் காணொளியை ஐந்தாம் வகுப்பினருக்கும், கூட்டத்துக்கு வந்த பெற்றோருக்கும் தனித்தனியே திரையிட்டோம். ‘பிடித்திருக்கிறதா?’ என்று கேட்கவில்லை. மதிப்பெண்ணும் நட்சத்திரமும் கேட்கவில்லை. ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், கருத்துரை மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினர். மதிப்பெண்ணையும் கருத்துரையையும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் தென்படவில்லை. எண்ணைப் பார்த்ததும் கண் அங்கேயே நின்றுவிடுகிறது. ஆகவே இவற்றை மட்டும் கேட்டோம்:

1. இந்தப் பாட்டு எதைச் சொல்வதாகப் புரிந்துகொண்டீர்கள்?
2. எந்தக் காட்சி, எந்த வரி நினைவில் நிற்கிறது?
3. எந்த இடத்தில் புரியவில்லை அல்லது மனம் உறுத்தியது?

எழுதத் தயங்கிய பெற்றோர் சொன்னதை மாணவர்களே அவர்கள் பேசியபடி எழுதிக்கொண்டனர். திருத்தமாக மாற்றி எழுதக் கூடாது என்பது நிபந்தனை.

ஒரு வலை, இரண்டு பொருள்

சின்னப் பிள்ளைகளில் பலருக்கு நினைவில் நின்றது, கரையில் குறுக்கே ஓடிய நாய்! இரண்டாம் சரணத்தில் மேளச் சத்தம் சொற்களை விழுங்கிவிட்டது என்று பலர் சொன்னார்கள். இவற்றை மாணவர்கள் சிரித்துக்கொண்டே ஏற்றனர்.

அடுத்து வந்த கருத்துதான் வகுப்பை அமைதியாக்கியது. மீனவக் குடும்பத்துத் தாய் ஒருவர் சொன்னார்: “குப்பை போட்டது யாருன்னு பாடுறப்ப எங்க வலையக் காட்டுறீங்க. அது காயப் போட்ட வலை, தூக்கிப் போட்டது இல்ல.”

வரியை எழுதிய மாணவி கலங்கிப்போனாள். “நாங்க அப்படிச் சொல்லவே இல்லையே” என்றாள். கரையில் அழகாகத் தெரிந்ததால் படம்பிடித்தவன் வலையை எடுத்திருந்தான். தொகுத்தவர்கள் இடம் நிரப்ப அங்கே வைத்திருந்தனர். யாரும் யாரையும் குற்றம் சொல்ல நினைக்கவில்லை. ஆனாலும் திரையில் குற்றச்சாட்டு இருந்தது. அந்த வகுப்பிலேயே மீனவர் வீட்டுப் பிள்ளைகளும் இருந்தனர்.

சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் செய்த சோதனையை அப்போது சொன்னேன். ஒரே நடிகரின் ஒரே முகக் காட்சியை ஒரு கிண்ணம் சூப், ஒரு சவப்பெட்டி என வெவ்வேறு காட்சிகளுக்கு அருகில் வைத்தபோது, பார்த்தவர்கள் அந்த முகத்தில் பசியையும் துயரத்தையும் கண்டார்களாம். அடுத்தடுத்து வைப்பதே ஒரு பொருளைத் தந்துவிடுகிறது. கட்டுரையில் பத்தி வரிசைக்கும் இது பொருந்தும் என்று ஒரு மாணவனே சொன்னான்.

எதை ஏற்பது?

வந்த கருத்துகளை மூன்று பத்திகளாகப் பிரித்தோம்: பார்வையாளர் கண்டது, அவர் சொல்லும் தீர்வு, நம் முடிவு. ‘எனக்கு இப்படிப் பட்டது’ என்று ஒருவர் சொன்னால் அதை மறுக்க முடியாது. ஒவ்வொரு திரையிடலிலும் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லவும் முடியாது. ஆனால் அவர் சொல்லும் தீர்வை ஏற்பதும் விடுவதும் படைத்தவர் உரிமை. ‘சினிமா மெட்டு போட்டிருக்கலாம்’ என்ற யோசனையை, கும்மி எங்கள் பாட்டிகளுக்கும் தெரிந்த மெட்டு என்ற காரணம் எழுதி மாணவர்கள் தள்ளினர். வலைக் காட்சியை நீக்காமல், ஆறு தரும் பிழைப்பைப் பாடும் முதல் சரணத்துக்கு மாற்றினர். குப்பை பற்றிய வரிக்கு, பைகள் அடைத்துக் கிடக்கும் வாய்க்கால் முகப்பைப் படம்பிடித்தனர்.

மாற்றியதை அதே தாயிடம் காட்டினார்கள். “வலையில மீனோட பிளாஸ்டிக் பையும்தான் வருது. அதையும் பாடுங்க” என்றார். பாட்டில் இரண்டு வரிகள் கூடின.

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு

• முழுமையாக மெருகேற்றும் முன்பே திரையிடுங்கள், மாற்ற இடமிருக்கும்.
• படத்தில் வரும் மக்களில் சிலரேனும் பார்வையாளர்களாக இருக்கட்டும்.
• கருத்துச் சொல்லும் நேரத்தில் படைத்த குழு பதில் பேசாமல் குறிப்பெடுக்கட்டும்.
• கருத்து காணொளியைப் பற்றியதாக இருக்கட்டும். மாணவரின் குரல், நிறம், தோற்றம் பற்றிய பேச்சை உடனே நிறுத்துங்கள்.
• பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் இணையத்தில் பதிவேற்ற வேண்டாம். பள்ளிக்குள் திரையிட்டாலே இந்தக் கற்றல் நிகழும்.
• முதல் வடிவத்தை அழித்துவிடாதீர்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டி, ஒவ்வொரு மாற்றத்துக்குமான காரணத்தை மாணவர்களை எழுதச் சொல்லுங்கள். எழுத்துப் பயிற்சிக்கு இரண்டு பாடவேளைகள் இதற்கே போதுமானதாக இருக்கும்.