ரெண்டு நூலும் ஆறு மில்லியும்

பையில் வெர்னியர் இல்லாமல் பழைய மரவேலைச் சாமான் வாங்க நான் கிளம்புவதில்லை. நாமக்கல் பக்கம் லாரி பாடி கட்டுவதில் மரம் குறைந்து இரும்பு கூடிவிட்டது. ஆசாரிமார் ஒதுக்கிய ரம்ப பிளேடும் ஆகர் பிட்டும் மலிவாகவே கைமாறுகின்றன. எஃகில் குறை சொல்ல முடியாது, அளவுதான் ஒத்துவராது. மெட்ரிக்குக்கு மாற 1956-லேயே சட்டம் வந்தும், ஜேடர்பாளையத்துப் பட்டறைகளில் இன்னும் எட்டு நூல் ஓர் அங்குலம்தான். மெஷின் ஒரு கணக்கு, பிட் ஒரு கணக்கு.

இதில் ரொம்ப ஆபத்தானது ரூட்டர் பிட். பிட்டின் தண்டைக் கவ்விப் பிடிக்கும் காலெட் ரெண்டு நூல் என்றால் 6.35 மில்லி. கையில் இருக்கும் பிட்டின் தண்டு 6 மில்லி. இடையே 0.35 மில்லிதானே என்று நட்டை இறுக்கினால் பிடித்த மாதிரியே இருக்கும். ஆனால் காலெட் அவ்வளவு சீராகச் சுருங்காது, விளிம்பில் மட்டும் கடிக்கும். நிமிடத்துக்கு 30,000 சுற்று ஓடும் டிரிம்மரில் அந்தப் பிட் மெல்ல மெல்ல வெளியே நகரும். டின் தகட்டைச் சுற்றி மாட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் சுவிட்சைப் போடும்போது நான் டீக்கடைக்குப் போய்விடுவேன். அந்த மெஷினுக்கென்று விற்கும் 6 மில்லி காலெட்டை வாங்குவதே வழி. இதை லேத்தில் செய்துகொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம்.

ரம்ப பிளேடுக்கு லேத் போதும். ரிக் வண்டிக்குப் பேர்போன திருச்செங்கோடு பக்கத்திலேயே இருக்கும்போது லேத் பட்டறைக்கா பஞ்சம்? பிளேடின் துளை 30 மில்லி, மெஷின் தண்டு ஓர் அங்குலம், அதாவது 25.4 என்றால் நடுவில் ஒரு வளையம் கடைந்து வாங்க வேண்டும். சுற்றிலும் 2.3 மில்லி சுவர். கடைகிறவரிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டியது, வளையத்தின் கனம் பிளேடின் கனத்தைவிட மயிரிழை குறைவாக இருக்கட்டும் என்பது. கூடிவிட்டால் இரண்டு பக்க வாஷரும் வளையத்தைத்தான் இறுக்கும், பிளேடு லொடலொடவென்று நிற்கும். வெல்டிங் வைத்து ஒட்டவே கூடாது, சூட்டில் தகடு கோணிக்கொள்ளும். துளை சின்னதாக இருந்தால் அரத்தால் ராவிப் பெரிதாக்குவதும் கூடாது. மையம் அரை மில்லி விலகினாலும் ஒரு பக்கத்துப் பல் மட்டும் வேலை செய்யும்.

வேகத்தையும் பார்க்க வேண்டும். 1440 சுற்று மோட்டாரில் 6 அங்குல புல்லி, தண்டில் 3 அங்குல புல்லி என்றால் பிளேடு 2880 சுற்று ஓடும். 10 அங்குல பிளேடுக்கு அது பல் முனையில் வினாடிக்கு 38 மீட்டர், பயமில்லை. புது பிளேடில் உச்ச வேகம் அச்சடித்திருக்கும். பழையதில் தேய்ந்துபோயிருந்தால் மெதுவான மெஷினுக்கே அதை வைத்துக்கொள்ளுங்கள். 11,000 சுற்று ஓடும் ஆங்கிள் கிரைண்டரில் மர பிளேடு மாட்டலாமா என்று கேட்டால் என் பதில் வேண்டாம்தான்.

எனக்குப் பிடித்த வேலை ஆகர் பிட். கையால் சுற்றும் பிரேஸ் என்ற கருவியில் மாட்டுவதற்காக அதன் வால் நாலு பட்டையாகக் கூம்பியிருக்கும். டிரில்லின் மூன்று தாடைச் சக் அதைப் பிடிக்காது. ஹாக்ஸாவால் வாலை அறுத்துவிட்டு, கீழே இருக்கும் உருண்டைத் தண்டில் மூன்று பட்டை சாணை பிடித்தால் நழுவாது. இது கார்பன் எஃகு. அடிக்கடி தண்ணீரில் முக்கவேண்டும், வெட்டும் முனைப் பக்கம் நீலம் பாய்ந்தால் கெட்டி போய்விடும். அடுத்து நுனித் திருகு. கையால் சுற்ற ஏற்பட்ட அது மோட்டார் வேகத்தில் வேம்பையும் பூவரசையும் வெறிகொண்டு இழுக்கும், டிரில் மணிக்கட்டையே முறுக்கும். திருகின் முகட்டை முக்கோண அரத்தால் லேசாக மழுக்கி, மெது கியரில் ஓட்டுங்கள்.

ஆகர் பிட்டில் துளையின் விளிம்பைக் கீறும் ஓரப்பல்லைக் கூர்தீட்டும்போது உள்பக்கம் மட்டும் ராவ வேண்டும். வெளிப்பக்கம் ராவினால் துளை சிறுத்து, பிட்டின் உடம்பு உள்ளேயே சிக்கும். அப்படிப் பாழான பிட்டுகள் பழைய சாமான் குவியலில் நிறையக் கிடக்கும். விலை பேசும் முன் அந்த ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள்.