பணிச்சுமைக்கு நடுவே இரண்டு நிமிடம்

ஜொகூரின் வடக்கே, லேடாங் மலையடிவாரத்தில் இருக்கும் தங்காக், துணிக்கடைகளுக்குப் பெயர்போன ஊர். தீபாவளி, நோன்புப் பெருநாள் காலங்களில் மூவாரிலிருந்தும் சிகாமட்டிலிருந்தும் மக்கள் வந்து குவிவார்கள். அப்படிப்பட்ட கடை ஒன்றில்தான் என் அம்மா வேலை செய்தார். இக்கட்டுரையில் நான் சொல்லவிருக்கும் பாடத்தின் முதல் பகுதியை அந்தக் கடையில்தான் படித்தேன்.

நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த நேரம். மூன்று இயக்கங்களில் பொறுப்பு, ஒரே வாரத்தில் ஐந்து இடுபணிகள், இரவெல்லாம் கூட்டம். தூக்கம் போனது, பிறகு படிப்பின் மீதிருந்த ஆசையும் போனது. படிப்பை நிறுத்திவிடலாம் என்ற முடிவோடுதான் விடுமுறைக்கு வீடு திரும்பினேன். அம்மாவிடம் சொன்னேன். அவர் அறிவுரை எதுவும் கூறவில்லை. "நாளைக்குக் கடையில ஆள் பத்தலை, வந்து துணி மடிச்சுக் குடு ஐயா" என்றார்.

தீபாவளிக்கு முந்திய வாரம். கடையில் நிற்க இடமில்லை. நண்பகல் பன்னிரண்டு மணிக்கு அம்மா மீட்டர் கோலை மேசைமேல் வைத்தார். துணிக் கட்டுகளின் பக்கம் திரும்பி நின்று உதடுகளை மட்டும் அசைத்தார். மூவேளைச் செபம். காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் கத்தோலிக்கர்கள் சொல்லும் பழைய செபம் அது. கடிகாரத்தைப் பார்த்தேன்; இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. திரும்பி, கத்தரிக்கோலை எடுத்து வெட்டத் தொடங்கிவிட்டார்.

அன்றிரவு சற்றுக் கோபமாகவே கேட்டேன்: "இப்படிச் செபம் பண்றதால வேலை கொறையுதாம்மா?"

"வேலை எங்க கொறையும்? வெட்டுறப்ப கை நடுங்காது, அவ்வளவுதான்."

பிரெஞ்சு ஓவியர் மில்லே, உருளைக்கிழங்கு வயலில் வேலையை நிறுத்திவிட்டுத் தலை குனிந்து நிற்கும் ஓர் ஏழைக் கணவன் மனைவியை இதே செபத்தின் பெயரால் வரைந்திருக்கிறார். 1850களின் இறுதியில் வரையப்பட்ட அந்த ஓவியம் இன்று பாரிசில் இருக்கிறது. அதில் என் கண்ணில் முதலில் படுவது மண்ணில் குத்தி நிற்கும் முள்கரண்டிதான். செபம் முடிந்ததும் அதைப் பிடுங்கி வேலையைத் தொடர வேண்டும் அல்லவா?

இனி வேதாகமத்துக்கு வருவோம். மாற்கு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில், சாப்பிடக்கூட நேரமில்லாமல் உழைத்த சீடர்களைத் தனிமையான இடத்துக்குச் சென்று ஓய்வெடுக்க இயேசு அழைக்கிறார். படகில் புறப்படுகிறார்கள். பெரும்பாலான பிரசங்கங்கள் இந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன. கதையோ அதற்கு மேலும் போகிறது. மக்கள் கரையோரமாக ஓடி, படகுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். ஓய்வு கிடைக்கவில்லை! அவர்களைக் கண்டு இயேசு மனமிரங்கிப் போதிக்கிறார்; ஐந்து அப்பமும் இரண்டு மீனும் கொண்டு ஐயாயிரம் பேரின் பசி தீர்கிறது. அதன்பின்னரே அவர் மலைமேல் ஏறித் தனியே செபிக்கிறார். வேலையெல்லாம் ஓய்ந்தால்தான் அமைதி வரும் என்று எண்ணியிருந்த எனக்கு, இந்த வரிசை புதிதாகப் பட்டது.

நம் தமிழில் இதற்கொரு சான்று தேடினால் மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826-1889) வந்து நிற்பார். 'பிரதாப முதலியார் சரித்திரம்' (1879) எழுதியவர் என்று தேர்வுக்காக மனனம் செய்கிறோம். அதோடு மறந்தும் விடுகிறோம். அவர் கத்தோலிக்கர், மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர். நாளெல்லாம் வழக்கு, சாட்சி, தீர்ப்பு. அது போதாதென்று 1805 முதல் 1861 வரையிலான நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்தார். ஓய்வுபெற்ற பிறகும் நகராட்சித் தலைவர் பொறுப்பு. 1876-78 பெரும் பஞ்சத்தில் சொந்தப் பணத்தில் கஞ்சித் தொட்டி வைத்து ஏழைகளுக்கு ஊற்றினார். கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து பாடியது அதற்காகத்தான்.

அந்தப் பஞ்ச காலத்தில், 1878இல்தான், அவருடைய 'சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்' வெளிவந்தது. தேவமாதாவின் மேல் அந்தாதி பாடிய கத்தோலிக்கர், எல்லாச் சமயத்தாரும் கூடிப் பாடும்படி இறைவனைப் பொதுவில் நிறுத்திக் கீர்த்தனைகள் செய்தார். தெய்வத்தைத் துதிக்கும் பாடல்களோடு, லஞ்சம் வாங்கும் அதிகாரிகளைச் சாடும் பாடல்களும் அத்தொகுப்பில் உண்டு. அலுவலகத்துக்கு ஒரு மனம், வழிபாட்டுக்கு வேறொரு மனம் என்று அவர் பிரித்து வைக்கவில்லை என்றே நான் கொள்கிறேன். கச்சேரியில் கண்ட எரிச்சலையும் அப்படியே கடவுள்முன் கொண்டுபோய்ப் பாடியிருக்கிறார். அமைதி என்றால் முகத்தைச் சாந்தமாக வைத்துக்கொள்வது என்று நினைக்கும் நம் பக்திமான்கள் (என்னையும் சேர்த்துத்தான்) அந்தக் கீர்த்தனைகளை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

நான் படிப்பை நிறுத்தவில்லை. விடுமுறை முடிந்து திரும்பியதும் இரண்டு இயக்கப் பொறுப்புகளை விட்டேன். செபம் இடுபணியை எழுதித் தராது என்பதும் விரைவில் விளங்கியது. மூன்று வேளையும் செபிக்க முயன்று தோற்றேன். காலையில் எழுவதே பெரும்பாடு, மாலையில் மறந்துவிடும். நண்பகல் மட்டும் நிலைத்தது. நூலகத்தின் மூன்றாம் மாடிப் படிக்கட்டில், பையைக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து நிற்பேன். இந்து நண்பன் ஒருவன் என்னவென்று கேட்டுவிட்டு, மறுநாளிலிருந்து அவனும் பக்கத்தில் சும்மா வந்து நின்றான்.

இப்போது வேலைக்கு வந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அம்மாவும் கடைக்குப் போவதில்லை. நண்பகல் பன்னிரண்டுக்கு நான் அழைத்தால் மட்டும் தொலைபேசியை எடுக்கமாட்டார். இரண்டு நிமிடம் கழித்து அவரே அழைப்பார்: "சொல்லு ஐயா, சாப்பிட்டியா?"