வாய்ப் புற்றுநோய் கழுத்துக்குப் பரவுமா? உங்கள் பயாப்சி அறிக்கை சொல்வதைத் தெரிந்துகொள்ளுங்கள்

நாக்கின் ஓரத்தில் ஒரு புண். வாரக்கணக்கில் ஆறவில்லை. மருத்துவர் அதிலிருந்து சிறிது திசுவை எடுத்துச் சோதிக்கிறார். புற்றுநோய் என்று முடிவு வருகிறது. "புண் சிறியதுதான். ஆனாலும் கழுத்திலும் அறுவை சிகிச்சை செய்வது நல்லது" என்கிறார். கழுத்தைத் தடவிப் பார்த்தால் கட்டி எதுவும் இல்லை. பிறகு ஏன் கழுத்தில் கை வைக்க வேண்டும்?

நோயாளிகள் பலர் கேட்கும் கேள்வி இது. அதற்கான விடையின் பெரும்பகுதி உங்கள் பயாப்சி அறிக்கையில் இருக்கிறது.

நாம் ஏன் கவனமாக இருக்க வேண்டும்?

வெற்றிலை பாக்கு மெல்லும் பழக்கம் நம் முதியோர் பலரிடம் இருந்தது. சிலரிடம் இன்னும் இருக்கிறது. புகையிலை சேர்க்காவிட்டால் கெடுதல் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. பாக்கு மட்டுமே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அறிவித்துள்ளது. குட்கா, கைனி, ஜர்தா போன்ற மெல்லும் புகையிலைப் பொருள்களுக்குச் சிங்கப்பூரில் 2016 ஆகஸ்ட் 1 முதல் தடை உள்ளது. புகைபிடிப்பதும் மது அருந்துவதும் ஆபத்தைக் கூட்டும். இரண்டும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம். பழக்கத்தை எப்போதோ விட்டவர்களும் வாயைச் சோதித்துக்கொள்வது நல்லது.

பயாப்சி என்றால் என்ன?

புண் உள்ள இடத்தை மரத்துப்போகச் செய்து, சிறு துண்டுத் திசுவை எடுப்பார்கள். அதை மெழுகில் பதித்து, மிக மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். முடிவு வரச் சில நாள்கள் ஆகும்.

"கத்தி பட்டால் புற்றுநோய் பரவிவிடும்" என்ற பயம் நம்மிடையே உண்டு. வாயில் பயாப்சி எடுப்பதைத் தள்ளிப்போட அது காரணமாகக் கூடாது. சோதிக்காமல் நாளைக் கடத்துவதுதான் நோய் வளர இடம் கொடுக்கும்.

அறிக்கையில் கவனிக்க வேண்டியவை

வாய்ப் புற்றுநோய் பரவினால், பெரும்பாலும் முதலில் கழுத்திலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குத்தான் செல்லும். தொண்டை வலி வரும்போது கழுத்தில் நெறி கட்டுகிறதே, அவைதான் இந்தக் கணுக்கள். நோய் அங்கே செல்லக்கூடுமா என்பதைக் கணிக்க மருத்துவர்கள் இவற்றைப் பார்க்கிறார்கள்:

• ஆழம். புண் மேற்பரப்பில் எவ்வளவு அகலம் என்பது மட்டும் போதாது. அது எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்பது மிக முக்கியம். 2018 முதல் பயன்பாட்டில் உள்ள அனைத்துலக நிலைப்படுத்தும் முறையில் 5 மில்லிமீட்டரும் 10 மில்லிமீட்டரும் எல்லைக் கோடுகள். இரண்டு ஒரு வெள்ளி நாணயங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் உயரம் வரும். அவ்வளவு சிறிய அளவுதான் சிகிச்சையை மாற்றுகிறது.

• நரம்பு. புற்று உயிரணுக்கள் நரம்பைச் சுற்றி ஊர்ந்திருந்தால், நோய் திரும்பி வரும் வாய்ப்பு கூடுகிறது.

• குழாய்கள். இரத்தக் குழாய்க்குள்ளோ நிணநீர்க் குழாய்க்குள்ளோ உயிரணுக்கள் நுழைந்திருந்தால், வெளியே செல்ல வழி கிடைத்துவிட்டது என்று பொருள்.

• உயிரணுக்களின் தோற்றம். இயல்பான உயிரணுவிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன, ஒரே கூட்டமாக நகர்கின்றனவா, சிறு சிறு கொத்துகளாகச் சிதறிச் செல்கின்றனவா என்று பார்ப்பார்கள். சிதறிச் செல்வது கூடுதல் கவலைக்குரியது.

கட்டி இல்லாவிட்டாலும் கழுத்தில் ஏன் அறுவை சிகிச்சை?

கணுவுக்குள் சென்ற புற்றுநோய் தொடக்கத்தில் கைக்குத் தட்டுப்படாது. ஸ்கேனிலும் தப்பிவிடலாம்.

மும்பையின் டாட்டா நினைவு மருத்துவமனை இதை நேரடியாக ஆராய்ந்தது. தொடக்க நிலை வாய்ப் புற்றுநோய் இருந்து, கழுத்தில் கட்டி தென்படாத நோயாளிகளை மருத்துவர்கள் இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவினருக்கு வாயில் அறுவை சிகிச்சை செய்தபோதே கழுத்துக் கணுக்களையும் நீக்கினார்கள். மற்றக் குழுவினருக்குக் கணுவில் நோய் தெரிந்த பிறகே கழுத்தில் அறுவை சிகிச்சை செய்தார்கள். சுமார் 500 பேரின் முடிவுகள் 2015இல் வெளியாயின. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு உயிருடன் இருந்தவர்கள் முதல் குழுவில் 80 விழுக்காடு, இரண்டாம் குழுவில் 67.5 விழுக்காடு.

ஆனால் எல்லாருக்கும் கழுத்தில் அறுவை சிகிச்சை தேவைப்படாது. புண் மிக மேலோட்டமாக இருந்தால், கழுத்தை அடிக்கடி சோதித்து வந்தாலே போதும் என்று மருத்துவர் சொல்லலாம். ஆழம் 3 அல்லது 4 மில்லிமீட்டரைத் தாண்டும்போது கழுத்துச் சிகிச்சையைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். இந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு தோள் இறுக்கமும் வலியும் ஏற்படலாம். உடற்பயிற்சிச் சிகிச்சை அதற்கு உதவும்.

அறிக்கையால் சொல்ல முடியாதது

பயாப்சி ஒரு சிறு துண்டு மட்டுமே. முழு ஆழமும் அறுவை சிகிச்சைக்குப் பிறகே உறுதியாகத் தெரியும். அதனால் முதல் அறிக்கைக்கும் இறுதி அறிக்கைக்கும் வேறுபாடு இருக்கலாம். யாரோ தவறு செய்துவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். மேலும், இந்த அடையாளங்கள் ஆபத்து எவ்வளவு என்பதைக் காட்டுகின்றனவே தவிர, இன்னாருக்குக் கட்டாயம் பரவும், இன்னாருக்குப் பரவாது என்று சொல்வதில்லை.

மருத்துவரிடம் கேளுங்கள்

மகன், மகள் அல்லது நம்பிக்கையான ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். தமிழில் விளக்கம் தேவையென்றால் தயங்காமல் கேளுங்கள். இந்தக் கேள்விகளை எழுதி எடுத்துச் செல்லலாம்:

1. புண் எத்தனை மில்லிமீட்டர் ஆழம்?
2. நரம்பிலோ குழாயிலோ நோய் தெரிகிறதா?
3. எனக்குக் கழுத்தில் அறுவை சிகிச்சை தேவையா? செய்யாவிட்டால் என்ன ஆகலாம்?
4. அதன் பிறகு கதிர்வீச்சுச் சிகிச்சை தேவைப்படுமா?
5. சாப்பிடுவது, பேசுவது, தோளை அசைப்பது எப்படி இருக்கும்?

இன்றே செய்யுங்கள்

வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று வாயைப் பாருங்கள். பொய்ப்பல் இருந்தால் கழற்றிவிட்டுப் பாருங்கள். நாக்கைத் தூக்கி அடிப்புறத்தையும், கன்னங்களின் உட்புறத்தையும் பாருங்கள். இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்:

• இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்
• வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு
• வாயை முழுதாகத் திறக்க முடியாமை, காரம் பட்டால் எரிச்சல்
• காரணமின்றி ஆடும் பல், உதட்டில் மரத்த உணர்வு
• கழுத்தில் கட்டி

வலி இல்லை என்பதால் விட்டுவிடாதீர்கள். தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. சுவா சூ காங் பலதுறை மருந்தகத்திலோ, உங்கள் வீட்டருகே உள்ள மருத்துவரிடமோ பல் மருத்துவரிடமோ காட்டுங்கள். முன்னோடித் தலைமுறை அட்டையோ மெர்டேக்கா தலைமுறை அட்டையோ வைத்திருப்பவர்கள் சாஸ் திட்டத்தில் சேர்ந்துள்ள பல் மருந்தகங்களில் மானியம் பெறலாம். புகைபிடிப்பதை நிறுத்த உதவி வேண்டுமானால் 1800 438 2000 என்ற எண்ணை அழையுங்கள்.

புண் ஆழமாக இறங்குவதற்கு முன் காட்டினால், சிகிச்சையும் சிறியதாக முடியலாம்.