இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்டில் கேமராவோடு நடக்கப் போகும் தம்பி, தங்கைகளுக்கு

1. முதலில் வெயிலைப் பாருங்கள். மலை எங்கும் ஓடிவிடாது. டிசம்பர் கடைசியில் அங்கே உச்சிப்பொழுதிலும் சூரியன் 12 டிகிரிக்கு மேல் ஏறுவதில்லை, நாலு மணிக்குள் மறைந்தும் விடும். வடக்கு பார்த்த சரிவுகளில் நாள் முழுக்க நிழல்தான். ஜூனிலோ இரவு ஒன்பதரைக்கும் வெயில் இருக்கும். பள்ளத்தாக்கு எந்தத் திசையில் ஓடுகிறது என்று வரைபடத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வாஸ்ட்வாட்டர் ஏரியின் தென்மேற்குக் கரையில் நின்றால் எதிரே கிரேட் கேபிள் மலை. பிற்பகல் வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து அதன்மேல் விழும். கோடைக் காலையில் போனால் எதிர்வெயிலில் கண்தான் கூசும்.

2. வைடு லென்ஸை நம்பாதீர்கள். இங்கிலாந்திலேயே மிக உயரமான மலையான இங்குள்ள ஸ்காஃபெல் பைக்கே 978 மீட்டர்தான். வைடில் எடுத்தால் வயல் வரப்பு மாதிரி படுத்துவிடும். 70 முதல் 100 மி.மீ. வரை போதும்.

3. மலையின் உயரத்தைச் சொல்ல, அளவு தெரிந்த ஒன்று படத்தில் வேண்டும். சாந்தே இல்லாமல் கல்லை அடுக்கிய சுவர் சரிவில் ஏறிப் போகுமே, அதைவிட நல்ல அளவுகோல் இல்லை. பக்கவாட்டு வெயிலில் ஒவ்வொரு கல்லும் தனித்தனி நிழலோடு எழுந்து நிற்கும். வெள்ளையடித்த பண்ணை வீடுகளில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். அக்டோபரில் சுற்றிலும் பெரணி துருநிறமாகிக் கிடக்கும்; அந்த இருட்டைப் பார்த்துக் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும், சுவர் வெளுத்துப்போகும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறையுங்கள்.

4. ஆம்பிள்சைடில் ஓடைமேல் நிற்கும் 17ஆம் நூற்றாண்டுப் பாலவீட்டை எல்லோரும் சாலையிலிருந்தே எடுக்கிறார்கள். கூட்டம் வருமுன் போய், ஓடையும் வளைவும் தெரியும் இடத்தைத் தேடுங்கள்.

5. மழையைத் திட்டாதீர்கள். பாரோடேலின் சீத்வெயிட்டில் ஆண்டுக்கு 3,000 மி.மீ.க்கு மேல் கொட்டுகிறது. நனைந்த ஸ்லேட் கூரை வானத்தைப் பிரதிபலித்துப் பளபளக்கும். போலரைசரைத் திருப்பினால் கல்லின் உண்மை நிறம் வெளிவரும். டீக்கடைக்குள் நுழையும்போது கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும், இல்லையென்றால் லென்ஸில் நீர் பூத்துவிடும்.

6. இந்த மலைகளுக்கு வழிகாட்டி எழுதிய வெயின்ரைட் தம் ஏழு நூல்களில் எழுதிய 214 மலைகளையும் ஏறி முடிக்க ஒரு கூட்டமே அலைகிறது. அந்தக் கணக்கு நமக்கு வேண்டாம். உச்சியிலிருந்து பார்த்தால் சுற்றுமலைகள் தட்டையாகும். பாதி ஏற்றத்தில்தான் பள்ளத்தாக்கும் எதிர்மலையும் ஒருசேரக் கிடைக்கும்.

7. கேட் திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விடுங்கள். கல்சுவர்மேல் ஏறவே கூடாது. ஏப்ரல், மே மாதங்களில் ஹெர்ட்விக் ஆடுகள் கறுப்புக் குட்டிகளோடு நிற்கும். கிட்டே போகாமல் டெலி லென்ஸில் எடுங்கள்.