கரியில்லாக் காதலும் கள்ளூர் அவையமும்

குறுந்தொகையில் கபிலர் பாடிய இருபத்தைந்தாம் பாட்டினைப் பாடஞ் சொல்லும்போதெல்லாம் மாணவரிடையே மெல்லிய நகைப்பு எழக் காண்கிறோம். தலைவன் தன்னைக் களவில் மணந்த வேளையில் அருகே எவரும் இல்லை என்கிறாள் தலைவி. நீரோடையில் மீனுக்குக் காத்து நின்ற குருகு ஒன்று மட்டும் இருந்ததாம். அவன் சொல் பொய்த்தால் அக்குருகையா சாட்சிக்கு அழைப்பது என்று மாணவர் கேட்பர். அவளுடைய அச்சம் எத்துணை நுட்பமானது என்பதை, இணையவழிக் காதல் வஞ்சகம் பற்றிய செய்திகளைத் தொகுத்துப் பார்த்தபோதுதான் நாமும் உணர்ந்தோம். சாட்சியைப் பழந்தமிழ் ‘கரி’ என்னும். கரியில்லாத இடத்தில்தான் வஞ்சகம் காலூன்றுகிறது.

இவ்வஞ்சகத்தின் அளவு சிறிதன்று. அமெரிக்க நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையத்திற்கு 2022ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 70,000 பேர் இத்தகைய முறையீடுகளைச் செய்தனர். அவர்கள் இழந்ததாகக் கூறிய தொகை 130 கோடி டாலர். வெட்கத்தால் வாய் திறவாதோர் இக்கணக்கில் இல்லை.

நம் நாட்டில் இது பெரும்பாலும் திருமணப் பதிவுத் தளங்களின் வழியே வருகிறது. இலண்டனில் மருத்துவர் என்றோ, கப்பற் பொறியாளர் என்றோ ஒருவர் அறிமுகமாகிறார். சில நாட்களிலேயே தளத்தை விட்டு வாட்ஸ்அப்பிற்கு வருமாறு அழைக்கிறார். காலையில் நலம் வினவல், நண்பகலில் உண்டாயிற்றா என்னும் கேள்வி, இரவில் நெடிய உரையாடல் எனப் பல வாரங்கள் செல்கின்றன. இக்காலத்தில் ஒரு காசும் கேட்பதில்லை. பின்னர்ப் பரிசுப் பொதி ஒன்று அனுப்பியதாகச் செய்தி வருகிறது. அடுத்த நாள், விமான நிலையச் சுங்க அலுவலர் என்று கூறிக்கொண்டு வேறொருவர் தொலைபேசியில் அழைக்கிறார். தீர்வை கட்ட வேண்டும் என்கிறார்; கட்டினால், பொதியில் வெளிநாட்டுப் பணம் உள்ளது, அபராதம் செலுத்தாவிடில் வழக்கு என்கிறார். தனிமனிதர் கணக்கில் தீர்வை செலுத்துமாறு தாம் கேட்பதில்லை என்று சுங்கத்துறை பலமுறை அறிவித்துள்ளது. ஆயினும் அச்சம் பற்றிக்கொண்ட நெஞ்சுக்கு அறிவிப்பு நினைவுக்கு வருவதில்லை.

இவ்வாறு ஏமாறுவோர் அறிவிலிகள், அல்லது பேராசைக்காரர் என்று நம்மிற் பலர் எளிதாகத் தீர்ப்பளிக்கிறோம். ஆய்வுகள் அத்தீர்ப்பைத் தாங்கி நிற்கவில்லை. இத்துறையில் நெடுநாள் உழைத்த மோனிக்கா விட்டி என்னும் உளவியல் அறிஞர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஏமாற்றப்பட்டோருள் நடுத்தர வயதினரும் நன்கு கற்ற பெண்டிரும் மிகுதி என்று கண்டார். கல்வி இங்குக் கவசமாகவில்லை. அதற்கான காரணத்தின் ஒரு பகுதியை ஜோசப் வால்தர் என்பார் 1996லேயே கூறிவிட்டார். முகம் காணாது எழுத்தால் மட்டும் பழகும்போது, எழுதுவோர் தம்மிடமுள்ள நல்லனவற்றையே தெரிந்தெடுத்துக் காட்டுகிறார். படிப்போரோ எஞ்சிய இடங்களைத் தம் விருப்பத்தாலே நிரப்பிக்கொள்கிறார். நேர்ப்பழக்கத்தினும் அணுக்கமான உறவு இவ்வாறு உருவாதல் கூடும் என்பது அவர் கருத்து. கடிதக் காதலை அறிந்த நம் முதியோர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை! வஞ்சகன் காட்டும் ஆள் பொய். அவனிடம் கொட்டப்பட்ட அன்பு மெய். அதனால்தான் உண்மை வெளிப்பட்ட பின்னரும் பணத்தை இழந்த துயரோடு, ஒருவரைச் சாகக் கொடுத்தது போன்ற துயரும் சேர்ந்து வருத்துகிறது.

இவ்வஞ்சகம் நடைபெறும் முறையை உற்று நோக்கின், ஒவ்வொரு படியிலும் கரியை அகற்றும் முயற்சியே தெரிகிறது. பலர் உலவும் தளத்திலிருந்து தனியறைக்கு அழைப்பது முதற்படி. “நான் நேரில் வரும்வரை உன் அண்ணனிடம் சொல்லாதே, அனைவரையும் வியப்பில் ஆழ்த்துவோம்” என்பது அடுத்தது. ஒளிப்படக் கருவி பழுது என்று முகங்காட்ட மறுப்பது முன்பெல்லாம் ஓர் அடையாளமாக இருந்தது. கணினியே முகத்தையும் குரலையும் புனையும் இந்நாளில் அதையும் நம்புவதற்கில்லை. நம் ஊர்களில் வெளியூர் மாப்பிள்ளை என்றால் அவ்வூர் ஜமாஅத்திடம் கடிதம் கேட்கும் வழக்கம் உண்டு. நிக்காஹுக்கு இரு சாட்சிகள் வேண்டும் என்பதையும் சிறுபிள்ளைகளும் அறிவர். கெடுபிடி என்று இளையோர் சலித்துக்கொள்ளும் இவ்வினாக்களைத்தான் வஞ்சகன் முதலில் அஞ்சுகிறான்.

பிரான்சு நாட்டில் ஒரு பெண்மணிக்கு நேர்ந்ததை ஈண்டுக் குறிப்பிடல் தகும். புகழ்பெற்ற நடிகர் பிராட் பிட் என்று கூறிப் பழகியவர்களிடம் அவர் 8,30,000 யூரோ இழந்தார். அங்கும் தொடக்கம் பரிசுப் பொருளுக்கான சுங்கத் தீர்வைதான்! நடிகர் மருத்துவமனைப் படுக்கையில் கிடப்பதுபோலப் புனைந்த படங்கள் அவருக்கு அனுப்பப்பட்டன. 2025 சனவரியில் டிஎஃப்1 தொலைக்காட்சி அவர் கதையை ஒளிபரப்பியது. பிறரை எச்சரிக்கவே அவர் முன்வந்து பேசினார். நாடே அவரை எள்ளி நகையாடிற்று. ஏளனம் பொறுக்க முடியாத அளவுக்குப் பெருகவே, அந்நிகழ்ச்சியைத் தொலைக்காட்சி நிறுவனம் தன் தளத்திலிருந்து விலக்கிக்கொண்டது.

இதனை அகநானூற்று 256ஆம் பாட்டில் வரும் கள்ளூர் நிகழ்ச்சியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரு பெண்ணின் நலனைக் கவர்ந்தவன் அவளை அறியேன் என்று பொய்ச்சூள் உரைத்தான். அவையத்தார் சாட்சிகளை வினவி உண்மை தெளிந்தனர். அவனை மரக்கிளையில் பிணித்து அவன் தலையில் நீற்றைப் பெய்தனர். அவையம் ஆர்த்தது. ஆர்ப்பு இன்றும் எழுகிறது, ஆயின் நீறு விழும் தலை மாறிவிட்டது. நம் தெருக்களிலும் வீடுகளிலும் இது நிகழவில்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல நம்மால் இயலவில்லை.

வஞ்சகனைப் பிடித்துக் கட்டுவதும் இன்று எளிதன்று. காதல் மொழிகளைத் தட்டச்சு செய்யும் கைகளே சிறைப்பட்டவையாக இருக்கலாம். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும், கம்போடியாவில் ஏறத்தாழ 1,00,000 பேரும் இணைய மோசடிகளில் வலிந்து ஈடுபடுத்தப்பட்டிருக்கலாம் என்று ஐக்கிய நாடுகள் மனித உரிமை அலுவலகம் 2023 ஆகத்தில் அறிக்கை வெளியிட்டது. தாய்லாந்தில் கணினிப் பணி என்னும் ஆசைமொழியை நம்பிச் சென்று, மியான்மரின் மியாவாடியில் அகப்பட்டு 2022இல் மீட்கப்பட்டவருள் தமிழ்நாட்டு இளைஞரும் இருந்தனர். பட்டம் பெற்று வேலை தேடவிருக்கும் நம் மாணவர் இதனைக் கருத்திற் கொள்வாராக.

ஆள்மாறாட்டம் செய்து கணினி வழி ஏமாற்றுவோர்க்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு மூன்றாண்டு வரை சிறையும் ஓர் இலக்கம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கிறது. சட்டத்தின் கை நீளுமுன் பணம் கணக்கு விட்டுக் கணக்குப் பாய்ந்துவிடும். 1930 என்னும் எண்ணுக்கு விரைந்து தெரிவித்தால் பணத்தை இடையில் முடக்கும் வாய்ப்பு உண்டு. மணிகள் கழியக் கழிய அவ்வாய்ப்பு குறைகிறது. இம்மணிகளைத்தான் வெட்கம் விழுங்குகிறது. இழந்ததை மீட்டுத் தருகிறோம் என்று கட்டணம் கேட்டு வரும் இரண்டாம் வஞ்சகனும் அவ்வெட்கத்தையே நம்பி வருகிறான். ஆகவே வீட்டில் ஒருவர் தயங்கித் தயங்கி இதனைச் சொல்ல வரும்போது, “உனக்கு அறிவில்லையா?” என்பதை விடுத்து, “கடைசியாகப் பணம் அனுப்பியது எத்தனை மணிக்கு?” என்று கேட்டுக்கொண்டே தொலைபேசியைக் கையில் எடுக்க வேண்டும்.