வயல் குடித்த தண்ணீர் எவ்வளவு?

பஞ்சாப் மாநிலம் கோதுமைக்கும் நெல்லுக்கும் பேர்போனது. அங்கே வயல்களுக்குப் பெரும்பாலும் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர்தான் பாய்கிறது. நிலத்தடி நீர் கீழே கீழே போகிறது. விவசாயி இன்னும் ஆழமாகத் துளை போடுகிறார். பெரிய மோட்டார் வாங்குகிறார். கடனும் ஏறுகிறது.

இறைத்த தண்ணீர் எல்லாம் எங்கே போகிறது?

ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்குகிறது. அது மெல்ல மெல்ல நிலத்தடி நீரோடு சேரலாம். ஒரு பகுதி வரப்பைத் தாண்டி ஓடிவிடுகிறது. மற்றொரு பகுதி ஆவியாகிறது. வேர் உறிஞ்சிய நீர் இலை வழியே ஆவியாகப் போகிறது. ஈர மண்ணிலிருந்தும் நீர் ஆவியாகிறது. இந்த இரண்டும் சேர்ந்ததே பயிரின் நீர்ச் செலவு.

மண்ணில் இறங்கிய நீரை மறுபடியும் இறைக்கலாம். ஆவியான நீரை இறைக்க முடியுமா? முடியாது. ஆகவே ஆவியாகும் நீரின் அளவு தெரிய வேண்டும். மோட்டார் ஓடிய நேரத்தை வைத்து இதைச் சொல்ல முடியாது. இதற்குத்தான் செயற்கைக்கோள் உதவுகிறது.

மண்பானை சொல்லும் பாடம்

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்ந்திருக்கிறது? பானையில் கசியும் நீர் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைப் பானையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. பானை குளிர்கிறது.

பயிரும் அப்படித்தான். போதிய நீர் உள்ள பயிர் குளிர்ந்திருக்கும். நீரின்றி வாடும் பயிர் சூடாக இருக்கும்.

அமெரிக்காவின் லேண்ட்சாட் 8 என்ற செயற்கைக்கோள் 2013இல் ஏவப்பட்டது. லேண்ட்சாட் 9 என்பது 2021இல் ஏவப்பட்டது. இவை சுமார் 705 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் 16 நாளுக்கு ஒருமுறை அதே இடத்தின் மேல் வரும். நிலத்தின் சூட்டையும் பயிரின் பசுமையையும் இவை படம் எடுக்கின்றன.

பிறகு வரவு செலவுக் கணக்கு. நிலத்தில் தங்கும் சூரிய வெப்பம் வரவு. மண்ணைச் சூடாக்க ஒரு பங்கு செலவு. காற்றைச் சூடாக்க ஒரு பங்கு செலவு. மிச்சம் உள்ள வெப்பமே நீரை ஆவியாக்குகிறது. அதிலிருந்து நீரின் அளவு தெரியும். படம் இல்லாத நாட்களுக்கு வெயில், காற்று, ஈரப்பதம் ஆகியவற்றின் அளவுகள் துணை செய்கின்றன.

இதிலும் குறை உண்டு. மேகம் மறைத்தால் நிலம் தெரியாது. சூட்டுப் படத்தில் ஒரு புள்ளி என்பது 100 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலம். அதாவது சுமார் இரண்டரை ஏக்கர். அரை ஏக்கர் வயலை அதில் தனியாகப் பார்ப்பது கடினம்.

எது உண்மையான சேமிப்பு?

வாய்க்காலுக்குச் சிமெண்டு பூசினால் கசிவு குறையும். ஆனால் அந்தக் கசிவு கிணறுகளுக்குப் போய்க்கொண்டிருந்தால், கிணற்று நீர் குறையும். மிச்சமான நீரில் கூடுதல் நிலம் பயிரிட்டால், ஆவியாகும் நீர் கூடும். அப்போது சேமிப்பு எங்கே?

பஞ்சாப் அரசு 2009இல் ஒரு சட்டம் போட்டது. ஜூன் 10க்கு முன் நெல் நடவு கூடாது என்றது. பின்னர் இந்தத் தேதி மாற்றப்பட்டதும் உண்டு. மே மாத வெயிலிலும் வறண்ட காற்றிலும் நீர் அதிகம் ஆவியாகும். நடவு தள்ளிப்போனால் அந்த இழப்பு குறையும். இது உண்மையான சேமிப்பு.

கணக்குப் போடுவோம்

ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் உயர நீர் என்றால் 1 லிட்டர். ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,000 சதுர மீட்டர். ஒரு நாளில் 5 மில்லிமீட்டர் ஆவியானால், 4,000 × 5 = 20,000 லிட்டர்.

1. பத்து நாளில் எத்தனை லிட்டர் ஆவியாகும்?
2. உங்கள் ஊரில் எந்தப் பயிர் வெயில் காலத்தில் நிற்கிறது? அதற்குப் பதில் எதைப் பயிரிடலாம்? கூடிப் பேசுங்கள்.