பட்டினியில் தொடங்கும் வினை

கேள்வி: கொடைக்கானலில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். பகலெல்லாம் பட்டினி, இரவில் சாக்லேட், பன், பிஸ்கட் என்று வெறி பிடித்ததுபோல் தின்றுவிட்டு வாந்தி எடுக்கிறேன். நானே இதிலிருந்து மீள முடியுமா?

பதில்: இது புலிமியா. 1979-இல் லண்டன் மருத்துவர் ஜெரால்ட் ரஸல் இதைத் தனி நோயாக விவரித்தார். நாக்கை அடக்கத் தெரியாதவள் என்று உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். பட்டினிதான் பெருந்தீனிக்கு இழுக்கிறது. தின்றதும் குற்ற உணர்வு, வாந்தி, மறுநாள் மீண்டும் பட்டினி.

ஆக்ஸ்ஃபோர்டின் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் வகுத்த சிகிச்சை இந்தச் சுழலை அறுப்பது பட்டினி என்ற கண்ணியில்தான். மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் சிறு தீனி. நான்கு மணி நேரத்துக்கு மேல் வயிறு காயக் கூடாது. பசிக்காவிட்டாலும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். பழனிக்கு விரதம் இருப்பதாகச் சொல்லி வேளையைத் தவிர்க்கவும் வேண்டாம், முருகன் கோபிக்கமாட்டார்! சாப்பிட்டவுடனே நோட்டில் குறியுங்கள்: என்ன, எங்கே, அப்போது மனதில் ஓடியது என்ன. 'ஒரு துண்டு தின்றாயிற்று, இன்றைக்கு எல்லாம் போச்சு' என்ற எண்ணம் அடிக்கடி தென்படும். அதைக் கேள்வி கேளுங்கள்.

தனியாகச் செய்வதைவிட ஆலோசகர் ஒருவர் துணையோடு செய்வது நல்லது. நான்கு வாரத்தில் பலன் தெரியாவிட்டால் மனநல மருத்துவரிடம் நேரடிச் சிகிச்சை தேவை. டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இலவசம்; தமிழிலும் பேசலாம். படபடப்பு, மயக்கம் இருந்தால் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வாந்தியால் பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். வாந்திக்குப் பின் உடனே பல் துலக்காதீர்கள், எனாமல் தேயும். வெறும் தண்ணீரில் கொப்பளியுங்கள்.